ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?

(நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் முழுவதும் வாசிக்க வேண்டுகிறேன்.)

சென்ற மாதம் பெங்களூரிலிருந்து அக்கா அழைத்தாள். பழைய பெட்ரோல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கலாமா என்பது அவள் கேள்வி. "நீதான் எதைக் கேட்டாலும் வரலாற்றிலிருந்து தொடங்குவாயே, இதுக்கும் ஒண்ணு சொல்லேன்" என்று சிரித்தாள். மொழியியல் படித்த எனக்குக் காரின் பொறியியலில் பெரிய தேர்ச்சி இல்லை. ஆனால் அந்தக் கேள்வி விளையாட்டாகக் கேட்கப்பட்டதன்று என்பது அடுத்த சில நிமிடங்களில் விளங்கியது.

அக்காவும் அத்தானும் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் நான்காம் தளத்தில் வசிக்கிறார்கள். கார் நிற்பது தரைக்குக் கீழுள்ள நிறுத்துமிடத்தில். அங்கே அவர்களுக்கென்று எண் எழுதிய ஓர் இடம் உண்டு. மின் இணைப்பு இல்லை. அக்கா அலுவலகம் போய்வர நாளொன்றுக்கு 32 கிலோமீட்டர் ஓட்டுகிறாள். அப்பா மதுரையில் இருக்கிறார்; சென்ற ஆண்டு அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அத்தான் எழுப்பிய ஐயம் ஒன்றே ஒன்றுதான்: "நடுராத்திரி ஒரு போன் வந்தால், இந்தக் காரில் மதுரைக்குக் கிளம்ப முடியுமா?" இரண்டு கார் வைத்துக்கொள்ளும் வசதி அவர்களுக்கு இல்லை. வாங்குவது எதுவாயினும் அடுத்த பத்தாண்டுகளுக்கு அதுதான் வீட்டின் ஒரே கார்.

அன்றிரவு ஒரு சிறிய மொழிச்செய்தி என் மனத்தில் தங்கியது. பெட்ரோல் கார் வாங்குபவரை நோக்கி நாம் கேட்கும் முதற்கேள்வி, "மைலேஜ் எவ்வளவு?" என்பது. அதாவது, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். டேங்கை நிரப்பினால் எவ்வளவு தூரம் போகும் என்று எவரும் கேட்பதில்லை. மின்கார் வாங்குபவரிடமோ, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" என்று கேட்கிறோம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பவர் அரியர். முதற்கேள்வி செலவைப் பற்றியது. இரண்டாவது அச்சத்தைப் பற்றியது. பெட்ரோல் பங்க் எங்கும் இருக்கிறது என்ற நம்பிக்கை முதற்கேள்விக்கு அடியில் மறைந்து நிற்கிறது. சார்ஜ் போட எங்கும் இடமிராது என்ற ஐயம் இரண்டாவதற்கு அடியில் இருக்கிறது. எனவே, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" என்பது காரைப் பற்றிய கேள்விபோல் தோன்றினும், உண்மையில் அது ஊரைப் பற்றிய கேள்வி. மின்காரின் நூற்றிருபது ஆண்டு வரலாற்றைப் படிக்குந்தோறும் இந்த எண்ணமே எனக்கு உறுதிப்பட்டது.

முதலில் ஒரு பொதுநம்பிக்கையைக் களைய வேண்டும். மின்கார் என்பது பெட்ரோல் காருக்குப் பின் வந்த புதுமை அன்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய சாலை ஊர்தியே மின்னூர்திதான். 1899 ஏப்ரலில் பாரிசுக்கு அருகே பெல்ஜியரான காமில் ஜெனாட்சி அதை ஓட்டினார். 1900-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பில் அந்நாட்டில் செய்யப்பட்ட கார்கள் 4,192. அவற்றுள் நீராவியால் ஓடியவை 1,681. மின்சாரத்தால் ஓடியவை 1,575. பெட்ரோலால் ஓடியவை 936 மட்டுமே. அன்று கார் வாங்கச் சென்ற ஒருவருக்கு மின்கார் துணிகரமான தேர்வாக இருந்திராது. பெட்ரோல் காரே சத்தமும் புகையும் நாற்றமும் கொண்டது. கைப்பிடியைச் சுழற்றித்தான் அதைக் கிளப்ப வேண்டும். சுழற்றும்போது கை முறிவதும் உண்டு.

அப்படியிருக்க அது ஏன் தோற்றது? இதற்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. பேட்டரி வலுவற்றது என்பது ஒன்று. எண்ணெய் நிறுவனங்களின் சூழ்ச்சி என்பது மற்றொன்று. முதல் விடையில் உண்மை உண்டு, ஆயினும் அது முழுமையன்று. இரண்டாவது விடை கேட்கச் சுவையானது, ஆனால் அந்தக் காலத்துக்கு அது பொருந்தாது. விலையை எடுத்துக்கொள்வோம். 1908-இல் வந்த ஃபோர்டின் மாடல் டி கார் பெருமளவு உற்பத்தியால் ஆண்டுதோறும் மலிவாயிற்று. 1912 அளவில் ஒரு மின்காரின் விலை 1,750 டாலர். பெட்ரோல் கார் 650 டாலருக்குக் கிடைத்தது. அதே 1912-இல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்விசைத் தொடக்கி காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. கைப்பிடியைச் சுழற்றும் தொல்லை ஒழிந்தது. மின்காரின் மிகப்பெரிய வசதியைப் பெட்ரோல் கார் தனதாக்கிக்கொண்டது ஒரு சிறிய பேட்டரியையும் ஒரு சிறிய மோட்டாரையும் சேர்த்துக்கொண்டுதான் என்பது வரலாற்றின் முரண்.

ஆனால் விலையையும் தொடக்கியையும் மட்டும் பார்த்தால், வாங்குபவரின் வீட்டு வாசலில் என்ன நடந்தது என்பது தெரியாமற்போகும். மின்கார் இரவில் எங்கே நின்றது? பெரிய நகரங்களில் அதற்கென்றே பொதுக் கொட்டகைகள் இருந்தன. இரவில் காரை அங்கே விட்டால் பணியாட்கள் சார்ஜ் போட்டு, துடைத்து, காலையில் தருவார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகர மின் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதன் ஏற்பாட்டில் மின்லாரி வாங்குபவர் பேட்டரியை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. மாதச் சேவைக் கட்டணமும், ஓடிய மைலுக்கேற்ற தொகையும் கட்டினால் போதும். தீர்ந்த பேட்டரியைக் கழற்றி நிறைந்ததை மாட்டித் தருவார்கள். இந்த ஏற்பாடு 1910 முதல் 1924 வரை நடந்தது. பேட்டரியை வாடகைக்குத் தந்து காரை மட்டும் விற்கும் முறை 2024-இல் இந்தியாவில் எம்ஜி விண்ட்சர் காருடன் வந்தபோது அது புதுமையாகப் பேசப்பட்டது. அதற்கு நூறாண்டு மூத்த முன்னோடி உண்டு. அத்தகைய ஏற்பாடு இருந்த ஊரில் மின்னூர்தி நிலைத்தது. ஊரெல்லைக்கு வெளியே மின்கம்பியும் இல்லை, கொட்டகையும் இல்லை. பெட்ரோலோ பலசரக்குக் கடையில் தகரக்குப்பியிலும் கிடைத்தது. தோற்றது காரா, காரைச் சூழ்ந்திருக்க வேண்டிய ஏற்பாடா என்பது சிந்திக்கத்தக்கது.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 1910 முதல் அமெரிக்க விளம்பரங்கள் மின்காரைப் பெண்களின் காராகக் காட்டத் தொடங்கின: தூய்மையானது, அமைதியானது, கடைத்தெருவுக்கும் உறவினர் வீட்டுக்கும் போய்வர ஏற்றது. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டே ஓட்டியது தம் கணவரின் மாடல் டி-யை அன்று. டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்காரை. வர்ஜீனியா ஷார்ஃப் தம் ‘டேக்கிங் தி வீல்’ நூலில் அமெரிக்கப் பெண்களும் காரும் கொண்ட உறவை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதை வாசிக்கையில் எனக்குப் பட்டது இது: நகருக்குள் நாள்தோறும் நடக்கும் பயணம் ‘சிறுபயணம்’ எனவும், எப்போதோ ஒருமுறை செல்லும் தொலைதூரப் பயணமே ‘காரின் உண்மையான வேலை’ எனவும் ஒரு தரவரிசை அன்றே உருவாகிவிட்டது. மின்கார் வீட்டின் இரண்டாவது கார் ஆனது இந்தத் தரவரிசையால்தான். அத்தானின் கேள்வியிலும் அந்த வரிசை ஒளிந்திருந்தது. அவர் அதை அறிந்து சொன்னவர் அல்லர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மின்சாரம் ஊர்தியை நகர்த்துவது நமக்குப் புதிதன்று. சென்னையில் 1895 முதல் 1953 வரை மின்டிராம் ஓடியது. ஆனால் டிராம், தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் பாதையிலேயே பெற்றுக்கொள்வது. "எவ்வளவு ஓடும்?" என்று டிராமைப் பார்த்து எவரும் கேட்டிருக்க முடியாது, பாதை உள்ளவரை ஓடும். மின்சாரத்தைச் சுமந்துகொண்டு ஓடும் காரிடம்தான் அக்கேள்வி பிறக்கிறது.

அத்தகைய கார் ஒன்றை விற்பனைக்குக் கொணரும் முயற்சி 1993-இல் நடந்தது. ‘லவ்பேர்ட்’ என்பது அதன் பெயர், இருவர் அமரக்கூடியது. எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம் ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையுடன் கேரளத்தின் சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் அதை உருவாக்கியது. விற்றவை மிகச் சிலவே. இன்று அது ஒரு வியப்புச் செய்தியாக மட்டுமே நினைவுகூரப்படுகிறது.

வரலாற்றில் உறுதியாகக் கால் ஊன்றியது பெங்களூரின் ‘ரேவா’. அதை உருவாக்கிய சேத்தன் மெய்னி, ஆஸ்திரேலியாவைக் குறுக்காகக் கடக்கும் சூரியசக்திக் கார்ப் பந்தயத்தில் 1990-இல் பங்கேற்ற மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் குழுவில் இருந்தவர். 1994-இல் மெய்னி குழுமமும் கலிஃபோர்னியாவின் அமெரிகான் நிறுவனமும் கூட்டாக ரேவா நிறுவனத்தைத் தொடங்கின. 2001-இல் கார் விற்பனைக்கு வந்தது. இரண்டு கதவு, முன்னால் இரு பெரியவர்கள், பின்னால் இரு குழந்தைகள். எட்டு ஈய அமிலப் பேட்டரிகள். நிறுவனம் சொன்ன தூரம் ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர். வேண்டியதெல்லாம் வீட்டில் ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட்.

அன்று பெங்களூரில் ரேவா வாங்க நினைத்த ஒரு நடுத்தரக் குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதைவிடக் குறைந்த விலையில் மாருதி 800 கிடைத்தது. நால்வர் அமரலாம், ஊருக்கும் போகலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரி முழுவதையும் மாற்ற வேண்டும் என்ற கவலை இல்லை. ஆகவே ரேவாவை வாங்கியவர்கள் பெரும்பாலும் தனிவீடும், கார் நிறுத்த வாசலில் இடமும், வேறொரு காரும் உடையவர்களாக இருந்தனர். கிளாரா ஃபோர்டின் நிலைதான் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் பெங்களூரில் திரும்பியது.

அதே கார் லண்டன் சென்றபோது நடந்தது வேறு. அங்கே ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் அது விற்கப்பட்டது. 2003 பிப்ரவரியில் லண்டன் நகரின் மையப்பகுதிக்குள் நுழையும் ஊர்திகளுக்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு நெரிசல் கட்டணம் விதிக்கப்பட்டது. 2005-இல் அது 8 பவுண்டு ஆயிற்று. மின்கார்களுக்கு விலக்கு. சில பகுதிகளில் அவற்றுக்கு இலவச நிறுத்துமிடமும் கிடைத்தது. வேலைநாள்தோறும் 8 பவுண்டு மிச்சம் என்றால், காரின் சிறுமையை எவரும் பொருட்படுத்தார். பேட்டரி அதேதான், 80 கிலோமீட்டரும் அதேதான். மாறியது ஊரின் விதி.

ஊரின் விதியோடு சொல்லும் மாறியது. இந்தியாவில் ரேவா ஒரு கார். ஐரோப்பியச் சட்டத்தில் அது கார் அன்று. ‘குவாட்ரிசைக்கிள்’, அதாவது நாற்சக்கர இலகு ஊர்தி. அந்த வகைப்பெயர் கிடைத்ததால், கார்களுக்குரிய கடுமையான மோதல் சோதனைகளை அது கடக்க வேண்டியிருக்கவில்லை, விற்பனை எளிதாயிற்று. அதே வகைப்பெயரால், பாதுகாப்பு பற்றிய கேள்வி எழுந்தபோது கடும் விமர்சனத்துக்கும் அது ஆளாயிற்று. ஒரு பொருளுக்குச் சட்டம் சூட்டும் பெயர், அதை வாங்கும் முடிவுக்குள் எவ்வளவு ஆழமாக நுழைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

இந்தியாவில் விதி வேறுவகையில் விளையாடியது. 2010 மே மாதத்தில் மகிந்திரா நிறுவனம் ரேவாவின் பெரும்பங்கை வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் நடுவண் அரசு மின்னூர்திகளுக்கு ஆலைவிலையில் 20 விழுக்காடு வரை மானியம் அறிவித்தது. 2012 மார்ச்சில் அந்தத் திட்டம் முடிந்தது. உடனடியாக மாற்றுத் திட்டம் வரவில்லை. மானியத்தை நம்பி முடிவெடுத்தவருக்கும், அடுத்த மாதம் வாங்கலாம் என்று தள்ளிப்போட்டவருக்கும் இடையே பெருந்தொகை வேறுபாடு. ரேவாவின் உற்பத்தியும் அந்த ஆண்டோடு நின்றது. 2013 மார்ச்சில் லித்தியம் பேட்டரியுடன் அதன் வழித்தோன்றலாக ‘இ2ஓ’ வந்தது. ரேவாவின் எல்லா வகைகளும் சேர்ந்து அதுவரை உலகெங்கும் விற்றவை ஏறத்தாழ 4,600. அவற்றுள் பாதிக்குச் சற்று அதிகமானவை இந்தியாவில் விற்றவை.

2015-இல் ‘ஃபேம்’ என்ற மானியத் திட்டமும், 2019-இல் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அதன் இரண்டாம் கட்டமும் வந்தன. இரண்டாம் கட்டத்தில் பலர் கவனிக்கத் தவறிய ஒரு கூறு உண்டு: கார்களுக்கான மானியம் வாடகை, பொதுப் போக்குவரத்துப் பயன்பாட்டுக்கே உரியது, சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குபவருக்கு இல்லை. அவருக்குக் கிடைத்தது வரிச்சலுகை. 2019 ஆகஸ்ட் 1 முதல் மின்னூர்திகளுக்கான சரக்கு, சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாயிற்று. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்கார் வந்தது. இரண்டாவது கார் என்ற அடையாளத்திலிருந்து மின்கார் இந்தியாவில் விடுபடத் தொடங்கியது அப்போதுதான் என்பேன். 2024-25 நிதியாண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கார்கள் விற்றன. ஆயினும் மொத்தக் கார் விற்பனையில் அது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் வரி 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, இரண்டுக்கும் இடையிலான வரி இடைவெளி சுருங்கியது. வாங்குபவரின் கணக்குத்தாள் ஒருபோதும் நிலையானதாக இருந்ததில்லை.

இந்த வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவின் கணக்கைப் பார்த்தேன். கீழே உள்ளவை எடுகோள்கள். உங்கள் எண்களை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அலுவலகப் பயணம் ஆண்டுக்கு 240 நாள் எனில் 7,680 கிலோமீட்டர். மதுரை ஏறத்தாழ 430 கிலோமீட்டர். ஆண்டுக்கு மூன்று முறை போய்வந்தால் 2,580. மொத்தம் சுமார் 10,000 கிலோமீட்டர். அதில் முக்கால் பங்கு அக்காவின் அலுவலகப் பாதை.

பெட்ரோல் கார் நகரில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும், லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுச் செலவு ஏறத்தாழ 66,700 ரூபாய். மின்காருக்கு 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் வேண்டும் என்று கொள்வோம். வீட்டு இணைப்பில் யூனிட் 7 ரூபாய் எனில் ஆண்டுக்கு 11,200 ரூபாய். வீட்டில் வழியில்லாமல் பொது விரைவு சார்ஜிங் நிலையத்தையே நம்பினால், யூனிட் 20 ரூபாய் எனக் கொண்டு, 32,000 ரூபாய். மின்காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை 3 லட்சம் எனில், வீட்டில் சார்ஜ் போடுபவர் அதை ஐந்தரை ஆண்டுகளில் மீட்பார். பொது நிலையத்தை நம்புபவருக்கு எட்டரை ஆண்டுகளுக்கு மேலாகும். பேட்டரிக்கு நிறுவனங்கள் பொதுவாகத் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு. ஒரே கார், ஒரே ஓட்டுநர், ஒரே ஊர். சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் இருப்பதும் இல்லாததும் முடிவையே தலைகீழாக்குகின்றன.

சூழல் குறித்து மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியையும் தவிர்க்க விரும்பவில்லை: நம் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகையில் மின்காரால் பயன் உண்டா? நாட்டின் சராசரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. மேற்சொன்ன எடுகோள்களின்படி 100 கிலோமீட்டருக்கு மின்காருக்கு 11 கிலோவுக்குச் சற்று அதிகம், பெட்ரோல் காருக்கு 15 கிலோவுக்குச் சற்று அதிகம். ஓடும்போது நான்கில் ஒரு பங்கு குறைவு. பேட்டரி செய்யும்போது வெளியாகும் வாயுவை இதில் கழிக்க வேண்டும். மின்தொகுப்பில் காற்றும் வெயிலும் கூடக்கூட இலாபம் வளரும் என்பதையும் கூட்ட வேண்டும். பயன் உண்டு, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவு இன்று இல்லை. குறைவாக ஓட்டுபவர் தம் பழைய காரையே இன்னும் சில ஆண்டு வைத்திருப்பதும் நியாயமான முடிவே.

இனி அத்தானின் நள்ளிரவுத் தொலைபேசி. அதை வெறும் தயக்கம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பா என் அப்பாவும்தான். இன்றைய நடுத்தர விலை மின்கார் ஒன்றில் கிருஷ்ணகிரி, சேலம், கரூர், திண்டுக்கல் வழியே மதுரை செல்ல இடையில் ஒருமுறை, சில வேளை இருமுறை சார்ஜ் போட வேண்டும். பகலில் அது ஒரு தேநீர் இடைவேளை. இரவு 2 மணிக்கு, பதற்றத்தில், நிலையம் இயங்குமா என்று தெரியாத நிலையில் அது அப்படி இராது. ஆகவே கேள்வியை மாற்றிப் போட்டோம்: அத்தகைய இரவில் காரை ஓட்ட வேண்டியவர் யார்? அப்படிப்பட்ட செய்தி கேட்ட அக்காவோ அத்தானோ ஏழு மணிநேரம் இருட்டில் காரோட்டுவதை, காரின் வகை எதுவாயினும், அப்பாவே விரும்பமாட்டார். ஓட்டுநருடன் வாடகைக் கார் என்று தொடங்கினோம். விடியலில் விமானம் என்றும், மதுரையில் பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தப்பா முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுபோவார் என்றும் ஓர் ஏற்பாட்டைப் பேசி முடித்தோம். அந்த ஏற்பாடு பெட்ரோல் காருக்கும் தேவைப்பட்டதே. காரின் மீது ஏற்றியிருந்த ஓர் அச்சத்தை அதற்குரிய இடத்தில் இறக்கிவைத்தோம் என்று சொல்லலாம்.

எஞ்சியது பிளக் பாயிண்ட். தமிழில் ‘பெட்ரோல் போடு’ என்கிறோம். ‘சார்ஜ் போடு’ என்றும் சொல்கிறோம். வினை ஒன்று, செயல் வேறு. முன்னது சாலையில், வேறொருவர் கையால், ஐந்து நிமிடத்தில் முடிவது. பின்னது கார் நிற்கும் இடத்தில், நாம் உறங்கும்போது, இரவெல்லாம் நடப்பது. ஒரே ‘போடு’ இரண்டையும் தழுவுவதால், பின்னதையும் முன்னதைப் போலவே எண்ணிச் சாலையில் நிலையங்களைத் தேடுகிறோம். தேட வேண்டிய இடமோ நம் வீட்டின் கீழ்த்தளம்.

கீழ்த்தளத்தில் விதி ஏற்கெனவே பாதி நம் பக்கம் நிற்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மாதிரிக் கட்டட விதிகள் நிறுத்துமிடங்களில் 20 விழுக்காட்டுக்கு மின்னூர்தி சார்ஜிங் வசதி வேண்டும் என்கின்றன. அது புதிய கட்டடங்களை நோக்கியது. 2022 ஜனவரியில் நடுவண் மின்துறை வெளியிட்ட நெறிமுறைகள், வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் மின் இணைப்பைக் கொண்டே உரிமையாளர் தம் ஊர்திக்குச் சார்ஜ் போடலாம் என்று தெளிவுபடுத்தின. ஆனால் நான்காம் தளத்து மீட்டரிலிருந்து கீழ்த்தளத்துத் தூணுக்குக் கம்பி இழுக்கக் குடியிருப்போர் சங்கம் இசைய வேண்டும். அக்காவின் சங்கம் தீ அபாயம், மின்சுமை, பொதுச்சுவரில் துளையிடல் என்று மூன்று காரணங்களைக் கூறி ஒருமுறை மறுத்திருக்கிறது. மூன்றும் கேட்கத்தக்க ஐயங்களே. மூன்றுக்கும் மின்பொறியாளர் ஒருவரின் அறிக்கையால் விடைசொல்ல முடியும்.

ஒரு சொல்லாராய்ச்சிக் குறிப்பைச் சேர்க்காமல் இருக்க முடியவில்லை, பொறுத்தருள்க. ஆங்கிலத்தின் ‘கார்’, ‘சார்ஜ்’ இரண்டும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. வண்டியைக் குறிக்கும் ‘கர்ருஸ்’ என்பதிலிருந்து ‘கார்’. வண்டியில் சுமை ஏற்றுவதைக் குறிக்கும் அதன் வினைவடிவம் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ‘சார்ஜ்’. சொற்பிறப்பை வைத்து வாழ்க்கையை விளக்கக் கூடாது என்று என் மாணவர்களுக்கு நானே சொல்வதுண்டு. ஆயினும், வண்டியையும் அதில் ஏற்றும் சுமையையும் பிரித்து விலைபேச முடியாது என்பதை இந்தச் சொற்கள் நினைவூட்டினால் அதில் குற்றமில்லை.

மின்காரை வாங்கலாமா என்ற கேள்விக்கு வரலாறு ஆம் என்றோ இல்லை என்றோ விடை தராது. கேள்வியை எங்கே கேட்க வேண்டும் என்பதை அது காட்டும். 1910-இன் ஹார்ட்ஃபோர்டிலும் 2003-இன் லண்டனிலும் 2012-இன் பெங்களூரிலும், மின்னூர்தியின் விதியை முடிவு செய்ததில் பேட்டரிக்கு இருந்த பங்கைவிடக் காருக்கு வெளியே இருந்தவற்றின் பங்கு குறைந்ததன்று: இரவில் அது நிற்கும் இடம், பேட்டரியின் சுமையைத் தாங்குபவர், விதி நீடிக்கும் காலம். இம்மூன்றையும் விசாரித்த பிறகு தூரத்தைக் கேட்கலாம்.

அக்கா இன்னும் காரை முன்பதிவு செய்யவில்லை. சென்ற ஞாயிறு சங்கத்துக்கு இரண்டு பக்க விண்ணப்பம் எழுதினாள். அறிக்கையும் இணைத்திருக்கிறாள், மேலும் ஆறு வீட்டார் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அடுத்த மாதப் பொதுக்குழுவில் அது விவாதத்துக்கு வருகிறது. இசைவு கிடைத்தால் வாங்குவாள். கிடைக்காவிட்டால் பழைய காரே இன்னும் ஓராண்டு ஓடும். விண்ணப்பத்தின் முதல் வரைவை எனக்கு அனுப்பி, "மொழியை மட்டும் பாரு, வரலாறு சேர்த்துடாதே" என்று எழுதியிருந்தாள். சேர்க்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் குடியிருப்புகளில் இத்தகைய அனுமதி கிடைத்திருந்தால், எந்த வாதம் எடுபட்டது என்று பின்னூட்டத்தில் தெரிவியுங்கள். பொதுக்குழுவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.